ஆறு கட்டையில் ஒரு பரீட்சை

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரம், இசைப் பயிற்சி அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அரை மணி நேரம் பாடிவிட்டு வெளியே வந்தால் செருப்பைக் காணோம். மூன்று மாடியும் வெறுங்காலோடு தேடி அலைந்து, கடைசியில் அலுவலகத்தில் கண்டுபிடித்தேன். துப்புரவு செய்யும் அம்மாள், யாரோ தொலைத்துவிட்டார்கள் என்று நினைத்து, காணாமல்போன பொருள்களுக்கான பெட்டியில் ஒரு குடைக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்திருந்தார். இந்த நாட்டில் மலாய்க்காரர், சீனர், நம்மவர் யாருமே வீட்டுக்குள் செருப்போடு நுழையமாட்டார்கள். ஆனால் பியானோ முன்னால் ஷூ போட்டுக்கொண்டு உட்காருவார்கள், அதன் தலையில் காப்பிக் கோப்பையையும் வைப்பார்கள். மன்னார்குடியில் இருக்கும் என் பாட்டு டீச்சர் பார்த்தால் மயங்கியே விழுந்திருப்பார். இப்போது நானும் செருப்போடுதான் உள்ளே போகிறேன், ஆனால் முதல் ஐந்து நிமிடம் பாட்டில் மனசு நிற்பதில்லை.

குணாவைக் கல்யாணம் செய்துகொண்டு புக்கிட் ரோத்தானுக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. அவர் ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். அவருடைய அம்மா, என் அத்தை, தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் பிறந்து, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் நான் கச்சேரி மேடை ஏறியவள், பெயர் போட்டு நோட்டீஸ் அடித்தார்கள். இங்கே நான் குணா பொண்டாட்டி, ஊர்லேருந்து வந்த பொண்ணு. பள்ளியில் இசை சொல்லிக்கொடுக்க ஆசைப்பட்டு விசாரித்தபோது, அப்பா பளபளவென்று லேமினேட் செய்து அனுப்பியிருந்த என் சான்றிதழைக் கல்வி அலுவலகத்தில் மேசையில் இருந்தவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமே இல்லையே, என்னத்தைப் பார்த்தாரோ. இங்கே ஒரு டிகிரி எடுத்துவிட்டு வாருங்கள் என்று மரியாதையாகத் திருப்பித் தந்தார். அந்த வைராக்கியத்தில்தான் முப்பத்துமூன்று வயதில், இருபது வயதுப் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தேன். விடிந்ததும் குணாவோடு வண்டியில் ராவாங், அங்கிருந்து ரயில், பிறகு பஸ். எட்டு மணி வகுப்புக்குத் தலை ஈரம்கூடக் காய்ந்திருக்காது.

முதல் பருவத்தின் முடிவில் பார்த்துப் பாடும் பரீட்சை வந்தது. முன்பின் தெரியாத ஒரு மெட்டை மேற்கத்திய முறையில் ஐந்து கோட்டில் எழுதிக் கையில் கொடுப்பார்கள், ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் பாட வேண்டும். எனக்கென்ன பயம்? பத்து வயதிலிருந்து ஸ்வரம் பாடுகிறேன். விரிவுரையாளர் டாக்டர் நோரா, கனிவான மலாய்ப் பெண்மணி, பியானோவில் ஒரே ஒரு கட்டையை அழுத்தினார். ஏ. அவர்கள் இசையில் அந்தச் சுருதிக்குப் பெயர் அதுதான், நம் கணக்கில் ஆறு கட்டை. நான் பாடுவது ஐந்தரை, இது கொஞ்சம் உசரம்தான், சமாளித்துவிடலாம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டேன். அந்தச் சுருதியை ஸட்ஜமாகப் பிடித்தேன். தாளம் பிசகாமல், ஒரு ஸ்வரம்கூட நழுவாமல் பாடி முடித்தேன். டாக்டர் நோரா பேனாவை மூடினார். பிறகு, "செடாப் சுவாரா" என்றார். செடாப் என்றால் ருசி, சுவாரா என்றால் குரல். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்குக்கும் செடாப் என்று சொல்வார்கள், நல்ல குரலுக்கும் சொல்வார்கள். நான் இரண்டு கையையும் கூப்பிவிட்டு வெளியே வந்து, பாஸ் என்று குணாவுக்குப் போன் செய்தேன். அவர் அத்தைக்குச் சொல்ல, அத்தை பால் பாயசம் காய்ச்சிக் கோயிலுக்கும் கொடுத்தனுப்பிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து வந்த தாளில் ஃபெயில் என்று இருந்தது. மறுபரீட்சை ஒன்று உண்டு, அதிலும் தவறினால் படிப்பை விட்டுவிட வேண்டும் என்றும் போட்டிருந்தது. பாயசம் சாப்பிட்ட வாய்களை எல்லாம் நினைத்து எனக்கு வியர்த்துவிட்டது. தாளை எடுத்துக்கொண்டு டாக்டர் நோராவிடம் ஓடினேன். அவர் பொறுமையாகத்தான் சொன்னார். மெட்டு, ஏக்கு இரண்டு படி கீழே இருக்கும் எஃப்பில் எழுதியது. நான் கொடுத்தது ஏ. அது நீ பாட வேண்டிய சுருதி இல்லை, வழி கேட்பவருக்குக் காட்டும் கடைத்தெரு மாதிரி ஓர் அடையாளம். அங்கிருந்து எஃப்பை நீயே தேடிப் போயிருக்க வேண்டும். நீ ஏயிலேயே குடியேறிவிட்டாய். மெட்டு சரி, ஆனால் ஒரு நோட்டுகூட எழுதிய இடத்தில் இல்லை என்றார். வகுப்பில் இதையெல்லாம் அவர் சொல்லியிருக்கிறார். ஆங்கிலமும் மலாயும் கலந்து வேகமாகச் சொன்னபோது நானும் எல்லாரோடும் தலையாட்டியிருக்கிறேன், கூட்டத்தோடு பாடியபோது பிழை தெரியவில்லை.

அவருக்கு எப்படி விளக்குவது? எங்களுக்குச் சுருதி என்று ஒன்றைக் கொடுத்தால் அதுதான் ஸ. பாடுகிறவர் தொண்டை எங்கே நிற்கிறதோ அங்கே வீடு கட்டிக்கொள்வோம். ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் இடையில் உள்ள தூரம்தான் எங்களுக்கு முக்கியம். இதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். என் தொண்டைக்கு உகந்த சுருதியில் பரீட்சை வைக்கச் சொல்லிக் கேட்கிறேன் என்று அவர் புரிந்துகொண்டார். விதிமுறையில் இடமில்லை என்று வருத்தத்தோடு கையை விரித்தார்.

மறுபரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. தட்டினால் ஏ என்று மட்டும் ஒலிக்கும் டியூனிங் ஃபோர்க் ஒன்று வாங்கினேன். வண்டியில் முழங்காலில் தட்டிக் காதில் வைப்பேன், ரயிலில் தட்டுவேன், அரிசி களையும்போது தட்டுவேன். ஏ என்று கேட்டதும் மனசு ஓடிப்போய் ஸ என்று உட்கார்ந்துவிடும். மாட்டைப் பிடித்து இழுப்பதுபோல் இழுப்பேன், திரும்ப அங்கேயே போய்ப் படுக்கும். இரண்டாம் வாரம் ஈஜோக் பக்கம் வண்டி போய்க்கொண்டிருந்தபோது சட்டென்று பிடிபட்டது. இந்த ஏயை ஸ என்று நினைக்காதே, காந்தாரம் என்று நினை. க, ரி, ஸ என்று இரண்டு படி இறங்கினால் நிற்கும் இடம் எஃப். ஸட்ஜத்தை நகர்த்தி வைப்பது எங்களிடமும் இருக்கும் வித்தைதானே, எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதானே! சந்தோஷத்தில் குணா தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு என்ன ஆச்சு என்று பதறிப்போனார்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை நடந்ததுதான் என்னை ஆட்டிவிட்டது. அத்தையும் தோட்டத்துப் பெண்களும் கோயிலில் பாடுவார்கள். முன்பெல்லாம் அவரவர் தொண்டைக்கு ஏற்ற இடத்தில் ஆரம்பிப்பார்கள். அது தப்பு என்று சொல்லி, சுருதிப்பெட்டி கொண்டுவந்து வைத்து, அவர்களை அடக்கியவள் நான்தான். அன்றும் பெட்டியை ஐந்தரையில் வைத்தேன். ஸ வரவில்லை. என் காதில் ஜி ஷார்ப் கேட்டது, ஐந்தரைக்குப் பியானோக்காரர்கள் வைத்த பெயர். வெறும் ஜி ஷார்ப், பெயர்ப்பலகை மாதிரி. எத்தனையோ வருடமாகக் கண்ணை மூடியதும் போய் நின்ற இடம் அது. பூசாரி கற்பூரத் தட்டோடு காத்திருக்கிறார், எல்லாரும் என் வாயைப் பார்க்கிறார்கள், எனக்கு அழுகை முட்டுகிறது.

"என்னம்மா, தொண்ட கட்டிக்கிச்சா?" என்றார் அத்தை.

ஆமாம் என்று பொய் சொன்னேன். அவர் பெட்டியைச் சட்டை செய்யாமல் தன் இடத்தில் ஆரம்பித்தார், மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் பெட்டியை அணைத்துவிட்டுப் பின்னால் நின்றேன். உங்கள் இடம் தப்பு என்று இந்தப் பெண்களிடம் நான் சொன்னதைத்தான் அந்த ஃபெயில் தாள் என்னிடம் சொல்லியிருக்கிறது என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. படிப்பை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. விட்டால் மட்டும் பழைய காது திரும்பி வந்துவிடுமா என்ன?

மறுபரீட்சையில் டாக்டர் நோரா அதே ஏயை அழுத்தினார். இம்முறை மெட்டு வேறு, எழுதிய இடம் அதே எஃப். க, ரி, ஸ என்று வாய்க்குள் இறங்கி, அங்கே நின்று பாடினேன். முடித்ததும் அவர் தாளில் ஏதோ எழுதினார். செடாப் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். நல்லவேளை, "லுலுஸ்" என்றார். தேர்ச்சி. இந்த முறை அதை எழுத்தில் பார்த்த பிறகுதான் குணாவுக்குப் போன் செய்தேன்.

சாயங்காலம் ராவாங்கிலிருந்து திரும்பும்போது அவர் ரேடியோவை அணைத்தார்.

"பாஸாயிட்டல்ல, ஒரு பாட்டு பாடேன் லா."

"எந்தச் சுருதியிலங்க?"

"எனக்கு என்னா தெரியும்? ஒனக்கு வர்ற எடத்துல ஆரம்பி."

எனக்கு வரும் இடம். இரண்டு பக்கமும் செம்பனை ஓடிக்கொண்டிருந்தது. பையில் இருந்த ஃபோர்க்கையும் எடுக்கவில்லை, கைப்பேசியில் இருந்த சுருதியையும் போடவில்லை. கண்ணை மூடித் தொண்டையை அதன் போக்கில் விட்டேன். அது நேராகப் போய் ஐந்தரையில் நின்றது. அப்பாடா, ஸ வந்துவிட்டது என்றாள் உள்ளே இருந்த ஒருத்தி. ஜி ஷார்ப் என்றாள் அவள் பக்கத்திலேயே இருந்த இன்னொருத்தி. யாரையும் துரத்த எனக்கு மனசு வரவில்லை. புக்கிட் ரோத்தான் போய்ச் சேரும்வரை இரண்டு பேரும் ஒரே தொண்டையில்தான் பாடிக்கொண்டு வந்தார்கள்.