அரிசி நீளத் தையல்

லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கிலிருந்து ரிங்லெட் ஊருக்கு ஏறும் மலைச்சாலையில் பாதி தூரம் வந்த பிறகுதான் என் போர்வையை விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகவில்லை. கோசுத் தோட்டத்தில் கூலியாட்கள் சேர்ந்து தங்கும் பலகைக் கொட்டகையில் நான்கு மாதம் படுத்திருந்தேன். யாரோடும் சண்டையில்லை. அன்று காலை எழுந்ததும் உரமூட்டையைத் தூக்க மனம் வரவில்லை, நடந்துவிட்டேன். அதற்கு முன்னால் ஒரு செம்பனைத் தோட்டத்தையும் ஒரு மரக்கடையையும் அப்படித்தான் விட்டு வந்திருந்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு முப்பது வயது இருக்கும். படிப்பு தோட்டப் பள்ளியில் நாலாம் வகுப்பு, அதிலும் பாதி.

ரிங்லெட்டில் காய்கறி லோரி ஏதாவது பிடித்துத் தாப்பாவுக்கு இறங்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அந்த மலையில் நனைந்துகொண்டே நடந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முந்தைய வருடம் நெஞ்சுச் சளியில் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவன் நான். தேயிலைத் தோட்டத்துக்குப் பிரியும் மண்பாதையில் இறங்கி, கண்ணில் பட்ட முதல் லயத்துக்கு, தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளுக்கு ஓடினேன்.

கடைசிக்கு முந்தைய வீட்டு வாசற்படியில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். என்னைவிட ஐந்தாறு வயது இளையவன். வலது கை மணிக்கட்டு வரை கட்டுப் போட்டிருந்தது. மடியில் ஒரு துணிக்குவியல்.

"உள்ள வாங்கண்ணே, நனையாதீங்க. தேத்தண்ணி இருக்கு. ஆனா நீங்கதான் கலக்கிக்கணும், எனக்குக் கையி இல்ல" என்றான்.

தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும்போது கத்தி தவறி உள்ளங்கையில் இறங்கிவிட்டதாம். என் கால்சட்டையை அடுப்புக்கு மேலே காயப்போட்டு, தன் கைலி ஒன்றை எனக்குக் கொடுத்தான். தேத்தண்ணி குடிக்கும்போது அந்தத் துணிக்குவியல் என்னவென்று கேட்டேன். கேட்காமல் இருந்திருந்தால் அன்றைக்கே தாப்பா போயிருப்பேன்.

அவன் மனைவி மேலே தானா ராத்தா ஊர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பெண் குழந்தை பிறந்து நான்கு நாள். அன்று மாலை தோட்டத்து வண்டி தாயையும் பிள்ளையையும் கொண்டுவந்து விடப்போகிறது. இது இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளை இதே வீட்டில் இருபது நாள் இருந்தது. குளிரில் சளி பிடித்து இறந்துபோய்விட்டது. வீட்டிலிருந்த ஒரே கம்பளி சொரசொரப்பானது. அதைப் போர்த்தினால் பிள்ளைக்குத் தோல் சிவந்தது, எடுத்தால் உடம்பு சில்லிட்டது.

இந்த முறை அவள் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தாள். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடுவதில்லை அல்லவா, அதனால் லயத்தில் வீட்டுக்கு ஒரு பழந்துணி கேட்டு வாங்கினாள். நைந்த சேலை, கைலி, ஒரு வேட்டி. எல்லாவற்றையும் வெந்நீரில் அலசி, சதுரம் சதுரமாக வெட்டி, ஒட்டுப்போட்டு மேல்துணியைத் தைத்து முடித்திருந்தாள். நடுவில் வைக்கப் பழைய பிளானல். அடியில் போட வேட்டி. மூன்றையும் சேர்த்துத் தைக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் வலி வந்துவிட்டது.

"பக்கத்து வீட்ல தச்சுக் குடுக்குறதா இருந்துச்சு. அங்க அம்மை போட்ருச்சு" என்றான். "நான் இடது கையால ஊசியப் புடிச்சுப் பாக்குறேன், வரமாட்டேங்குது."

"எனக்கும் தையல் தெரியாதே தம்பி" என்றேன்.

"தெரியாட்டி கத்துக்கணும்லா!" என்று ஒரு பெண் குரல் கேட்டது.

அறையில் எங்கள் இருவரையும் தவிர யாரும் இல்லை. குரல் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

"யாரு மாமா அது? புதுக் குரலா இருக்கு. கை ரெண்டும் இருக்கா அவருக்கு?"

"இருக்கு."

"அப்ப விட்றாதீங்க. கதவச் சாத்துங்க."

அதுதான் பக்கத்து வீட்டுக்காரி. கொழுந்தெடுப்பவள், பிள்ளை பெற்றவளின் தோழி. கொப்புளம் காய்ந்து உதிர ஆரம்பித்திருந்தது. ஆனால் தலைக்குத் தண்ணீர் ஊற்ற இன்னும் மூன்று நாள் இருந்தது. கீழே தாப்பாவிலிருந்து வரவழைத்த வேப்பிலை அவள் வாசலில் தொங்கியது. அம்மை இறங்கும்வரை அந்த வீட்டில் தாளிக்கக் கூடாது, ஊசி எடுக்கக் கூடாது. பச்சைப்பிள்ளைக்குப் போகும் துணியை அவள் தொடவே கூடாது. ஆனால் பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

முதல் தவறை ஆரம்பத்திலேயே செய்தேன். மூன்று துணிகளையும் தரையில் அடுக்கி, ஓரத்திலிருந்து தைத்துக்கொண்டு வந்தேன். ஒரு கை நீளம் தைத்த பிறகு குரல் கேட்டது.

"நடுவுல தடவிப் பாருங்கண்ணே. மேடு இருக்கா?"

தடவினேன். "இருக்கு. எலி படுத்திருக்குற மாதிரி."

"பிரிங்க."

"எல்லாத்தையுமா?"

"எலிய உள்ள வச்சுத் தச்சா புள்ள எங்க படுக்கும்? பிரிங்க. நடுவுலருந்து நாலு பக்கமும் கையால நீவி விடுங்க. அப்புறம் நடுவுலருந்து வெளிய பெரிய பெரிய தையலா ஓட்டுங்க. அது சும்மா புடிச்சு நிக்கத்தான், கடைசியில உருவிறலாம்."

பிரித்தேன். நீவினேன். அவன் முழங்காலால் ஒரு பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டான். நூலை நான் இரண்டு கை நீளத்துக்கு எடுத்திருந்தேன், அடிக்கடி கோக்க வேண்டாமே என்று. அது முடிச்சு விழுந்து முடிச்சு விழுந்து உயிரை வாங்கியது. முழங்கை நீளத்துக்கு மேல் எடுக்கிறவன் சோம்பேறி என்றாள் அவள். பார்க்காமலே எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கேட்டேன். "நீங்க பல்லக் கடிக்கிற சத்தம் இங்க கேக்குது" என்றாள்.

பிறகு சிறு தையல்.

"எவ்வளோ சிறுசு?"

"அரிசி நீளம். பெருசாப் போட்டா புள்ள வெரலு நூலுக்குள்ள மாட்டிக்கும். ரத்தம் கட்டிப் போயிரும்."

அவன் எழுந்து போய் அரிசித் தகரத்திலிருந்து நான்கு மணிகளை எடுத்துவந்து துணிமேல் வைத்தான்.

"சோத்து நீளம் இல்லண்ணே" என்றது குரல். "வேகாத அரிசி."

ஊசியின் பின்பக்கம் விரலில் குத்திக் குத்திப் புண்ணாகிவிட்டது. பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி விரலில் மாட்டிக்கொண்டேன். அதன் பிறகு வேகம் வந்தது. ஒரு வரிசை, இரண்டு வரிசை, நாலு வரிசை. பெருமையாகத்தான் இருந்தது. இன்னொரு குவளை தேத்தண்ணி எடுக்கலாம் என்று எழுந்தேன். போர்வையும் என்னோடு எழுந்தது.

மடியில் வைத்துத் தைத்ததில் கைலியையும் சேர்த்துப் பிடித்துத் தைத்திருந்தேன். அவன் சிரிக்க ஆரம்பித்தான். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து சிரித்தான்.

"என்ன மாமா? எனக்கும் சொல்லுங்கலா!"

"அண்ணன் எங் கைலிய போர்வையோட சேத்துத் தச்சிட்டாரு."

"அப்படியே விடுங்க. புள்ளயோட அவரையும் சேத்து மடிச்சு வச்சிருவோம்."

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்கள் பலர். தவறு செய்தபோது பிடரியில் அடித்தவர்கள் உண்டு, கூலியைப் பிடித்தவர்கள் உண்டு. பிரி என்று சொல்லிவிட்டு, பிரிக்கும்வரை காத்திருந்து, மறுபடியும் சொல்லிக்கொடுத்தவள் அவள் ஒருத்திதான். முகம் தெரியாத அந்தக் குரலுக்கு நான் இன்றுவரை கடமைப்பட்டிருக்கிறேன். முகத்தைப் பார்த்தது நான்காம் நாள், தண்ணீர் ஊற்றிய பிறகு. என்னை ஏற இறங்கப் பார்த்து, "இவ்வளோ பெரிய கையி வச்சுக்கிட்டா அத தச்சீங்க?" என்றாள்.

மூன்று மணி வாக்கில் மழை விட்டது. மேலே சாலையில் லோரிகள் இறங்கும் சத்தம் கேட்டது. என் கால்சட்டை காய்ந்திருந்தது. உள்வரிசைகள் முடிந்து, நான்கு ஓரங்களையும் மடித்துத் தைப்பது மட்டும் பாக்கி. என் கால் எப்போதும் இந்த மாதிரி நேரத்தில்தான் அரிக்கும்.

அவனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். "லோரி போகுதுண்ணே. நீங்க கெளம்புங்க. இவ்வளோ செஞ்சதே பெருசு" என்றான்.

கால்சட்டையை மாட்டிக்கொண்டேன். அவன் போர்வையைத் தன் பக்கம் இழுத்து, கட்டுப்போட்ட கையால் அழுத்திக்கொண்டு, இடது கையில் ஊசியை எடுத்தான். அது விழுந்தது. தேடி எடுத்தான். மறுபடியும் விழுந்தது.

இரக்கப்பட்டேன் என்று சொல்ல மாட்டேன். அவன் போட்ட ஒரு தையல் விரல் நீளத்துக்குப் போனது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. காலையிலிருந்து பிரித்துப் பிரித்துத் தைத்ததை இவன் இப்படிக் கெடுக்கிறானே என்று. "கொண்டா இங்க" என்று வாங்கி உட்கார்ந்துவிட்டேன். இந்த முறை தரையில் வைத்தே தைத்தேன்.

"போயிட்டாரா மாமா?" என்று மெல்லக் கேட்டது குரல்.

"இருக்கேன்" என்றேன் நான். "ஓரத்த எத்தன வெரக்கட மடிக்கணும், அதச் சொல்லு."

"ஒரு வெரக்கட" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "எங் கையால செய்ய வேண்டியதுண்ணே அது."

வண்டி ஐந்து மணிக்கு என்றார்கள். ஐந்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. மூன்று ஓரம் முடிந்து நாலாவதில் ஊசி பாதியில் நின்றது. அவன் மனைவி பிள்ளையோடு உள்ளே வந்து, தரையில் உட்கார்ந்து தன் போர்வையைத் தைத்துக்கொண்டிருந்த அந்நிய ஆளைப் பார்த்தாள். கணவன் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தான். அதற்குள் சுவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது, கைலி உட்பட.

அவள் குனிந்து, தைத்த பக்கத்தைப் புறங்கையால் தடவிக்கொண்டே போனாள். ஒரு மூலையில் கை நின்றது. அங்கே சின்ன மேடு ஒன்று இருந்தது எனக்குத் தெரியும். சொல்லாமல் மறைத்திருந்தேன்.

"இது பரவால்லண்ணே, கால் பக்கம் வச்சுக்கலாம்" என்றாள். "பாக்கிய அவசரப்படாம முடிங்க. நான் மடியிலயே வச்சிருக்கேன்."

பிள்ளை அவள் சேலைக்குள் கிடந்தது. தலை மட்டும் தெரிந்தது. முடித்து, நூலை உள்ளே மறைத்து அறுத்து, பிடிப்புக்குப் போட்ட பெரிய தையல்களை உருவிக் கொடுத்தேன். அவள் பிள்ளையைச் சுற்றினாள். அது ஒருமுறை முகத்தைச் சுளித்துவிட்டுத் தூங்கிப்போனது. சுவர்தான் பொறுமை இழந்தது.

"என்னாடி ஆச்சு? சொல்லுலா!"

"தூங்குறாடி" என்றாள் தாய்.

அடுப்படியில் எனக்குப் படுக்க இடம் கொடுத்தார்கள். விடிவதற்குள் குளிரில் விழிப்பு வந்தது. அவன் ஏற்கெனவே எழுந்து தொட்டிலுக்குள் இடது கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். "பாதம் கதகதப்பா இருக்குண்ணே" என்றான், நான் கேட்காமலே.

தாய் படுத்தபடியே சொன்னாள்: "ஆனா ரெண்டு தடவ நனைச்சிட்டா. அந்த ஓரம் ஈரம். இங்க வெயிலுக்கு இது ரெண்டு நாளு காயணும். மாத்துக்கு ஒண்ணு வேணும்ல?"

மூவரும் யோசித்தோம். சுவருக்கு அந்தப் பக்கமும் யோசித்திருக்க வேண்டும். "எஞ் சேல ஒண்ணு அவகிட்ட முன்னாடியே குடுத்தது பொட்டியில கெடக்கு. அத வெட்டுங்க" என்றது.

இன்னொன்று தைக்க என் கைக்கு இரண்டு மூன்று நாளாவது ஆகும். அதுவரை சும்மா உட்கார்ந்து அவர்கள் சோற்றைத் தின்ன முடியாது. அவனோடு பெரட்டுக் களத்துக்கு, ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொடுக்கும் இடத்துக்குப் போனேன். அன்று கையொப்பமிட்டு மருந்துச் சீட்டு வாங்க அவனும் வரவேண்டியிருந்தது.

கங்காணி என்னைப் பார்த்து, "என்ன வேல தெரியும்?" என்றார்.

நான் செய்துவிட்டு வந்த வேலைகளை வரிசையாகச் சொல்ல வாயெடுத்தேன். அவன் முந்திக்கொண்டான். "தைப்பாருங்க."

"ஆம்பளையா?"

"எம் புள்ளக்கி அவருதான் போர்வ தச்சாரு."

கங்காணி என் விரல்களைப் பார்த்தார். பிறகு தொழிற்சாலையின் மாடிக்கு, இலை வாட்டும் இடத்துக்கு அனுப்பினார். அங்கே கொழுந்து சுமக்கும் சாக்குகள் கிழிந்து ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. ஒரு கோணி ஊசியும் சணல் உருண்டையும் கொடுத்தார்கள். எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்டார்கள்.

"பாக்கலாம்" என்று சொல்லி, மேலே கிடந்த சாக்கை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.