ஏழாம் நம்பர் கவர்

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்தகம் இன்று அவள் பொறுப்பில்தான் ஓடுகிறது. பன்னிரண்டு பேர் அவளிடம் வேலை பார்க்கிறார்கள். ஆனாலும் ஒரு பழுப்புக் கவரைக் கண்டால் போதும், மனசு முப்பது வருஷம் பின்னால் ஓடிப் போய்விடும். அந்த நாட்களை நினைத்தால் அவளுக்கு ஏக்கம்தான், மறைப்பானேன்.

அப்போது வயது பத்தொன்பது. விடிந்ததும் வாலிபால் மைதானம், எட்டரையிலிருந்து ஒரு மணி வரை மருந்துக்கடை, சாயங்காலம் வேதியியல் டியூஷன். இடையில் கிடைத்த நேரத்தில் புத்தகத்தையே தலைக்கு வைத்துத் தூங்குவாள். மேலெல்லாம் மருந்து வாடை அடித்ததால் அணியில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘மாத்திரை’. சட்டை முதுகில் ஏழாம் நம்பர். “நீ இந்த வீட்டுப் பொண்ணா, வந்துபோற விருந்தாளியா?” என்று அம்மா குத்திக் காட்டுவாள்.

மருந்துக்கடை முதலாளியம்மா கறார் பேர்வழி. யாருக்கு என்ன வியாதி என்பது பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியக்கூடாது என்பார். அதனால் மாதாமாதம் வாங்குகிறவர்களின் மருந்தை, மருத்துவர் சீட்டோடு சேர்த்து முன்கூட்டியே கவரில் போட்டு, பேர் எழுதாமல் நம்பரை மட்டும் எழுதி அடுக்கி வைப்பார்கள். ஏழாம் நம்பர் ஒரு தையல்காரம்மாவுடையது. அவருடைய எட்டு வயது மகளுக்கு வலிப்பு மாத்திரை.

மருந்தியல் கல்லூரி விண்ணப்பம் ஆறு பக்கம். ‘ஏன் மருந்தாளுநர் ஆக விரும்புகிறீர்கள்?’ என்ற ஒரு பக்கத்தை மட்டும் மாத்திரை பதினோரு தடவை அடித்து அடித்து எழுதினாள். கடைசி நாளன்று மைதானத்திலிருந்து வேர்க்க விறுவிறுக்கக் கடைக்கு வந்தவள், கசங்காமல் இருக்கட்டும் என்று விண்ணப்பத்தை மடித்துக் கடைக் கவர் ஒன்றில் போட்டாள். கைப்பழக்கம் சும்மா விடுமா? கவர் என்றால் நம்பர் எழுதியாக வேண்டும். தன் சட்டை நம்பரை எழுதி அலமாரியில் சொருகினாள்.

பன்னிரண்டரைக்குத் தையல்காரம்மா வந்தார். “நாலு மணி ரயிலுக்கு அக்கா ஊருக்குப் போறோம். பத்து நாளாகும்” என்றார். கடையில் ஈ மொய்க்கிற மாதிரி கூட்டம். மாத்திரை ஏழாம் நம்பரை எடுத்து நீட்டினாள். ஒரு மணிக்கு மிச்சமிருந்த ஏழாம் நம்பரைத் தன் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்தாள்.

கல்லூரி அலுவலகத்தில் நீண்ட வரிசை. அவள் முறை வந்தபோது மணி மூன்றே கால். சான்றிதழ் ஃபைலைக் கொடுத்துவிட்டுக் கவரைக் கவிழ்த்தாள். மேசையில் மூன்று அட்டை மாத்திரை விழுந்தது.

“எனக்காம்மா?” என்றார் குமாஸ்தா. நல்ல மனுஷன். வேறொரு விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்தார். “நாலு மணிக்கு மூடிடுவோம். அதுக்குள்ள இங்கயே உக்காந்து எழுதிக் குடு.”

உட்கார்ந்தாள். தன் பேரை எழுதினாள். அதற்குமேல் பேனா நகரவில்லை. மருந்துக்கடை மதியம் பூட்டினால் நாலரைக்குத்தான் திறக்கும். கையில் போன் இல்லாத காலம். அந்த மாத்திரையை ஒரு வேளை விட்டாலும் ஆபத்து என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். வழியில் கவரைப் பிரித்துப் பார்க்கமாட்டார்களா, வேறெங்காவது வாங்கமாட்டார்களா என்றெல்லாம் மனசு கணக்குப் போட்டது. அப்படி ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்ததை நினைத்து இன்றும் அவளுக்கு வெட்கம்.

எழுந்தபோது, வரிசையில் நின்றிருந்த அணித்தோழி நெட்டை அவள் கையைப் பிடித்தாள். “பைத்தியமாடி உனக்கு? ஒரு வருஷம் போயிடும்.”

“தெரியும். கையை விடுடி.”

ரயில் நிலையத்தில் ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டே ஓடினாள். நான்காவது பெட்டியில் அந்தப் பெண் குழந்தை பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. கவரைப் பிரிக்கவே இல்லை.

“ரெண்டுலயும் ஏழுதானே போட்டிருக்கு?” என்று தையல்காரம்மா குழம்பினார்.

“என் தப்புதான்க்கா. மாத்திக் குடுத்துட்டேன்.”

“அதுக்காக இவ்வளவு தூரமா? உன் வேலை ஏதாவது கெட்டுப்போச்சா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா.”

ரயில் நகர்ந்தது. ஒழுங்காக எழுதிய ஆறு பக்கமும் அவள் கையில் இருந்தன. மூச்சு வாங்க மிதித்துத் திரும்பியபோது அலுவலகத்தில் பூட்டுத் தொங்கியது. அன்று வீட்டில் அவள் அழுத அழுகைக்கு அம்மாவே தட்டில் சோறு போட்டு எடுத்து வந்தாள்.

நெட்டைக்கு இடம் கிடைத்தது. இன்றும் போனை எடுத்தால் “உன் சீனியர் பேசுறேன்” என்றுதான் ஆரம்பிப்பாள். மாத்திரைக்கோ இன்னொரு வருஷம் அதே மைதானம், அதே கடை, அதே டியூஷன். பனியில் நனைந்த பந்து உள்ளங்கையில் சுரீரென்று அடிப்பதும், கடையைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதும் மருந்து வாசனையும் இன்னும் அவளுக்கு மறக்கவில்லை. வீணாய்ப் போனது என்று அழுத அந்த வருஷம்தான் இன்று திரும்பக் கிடைக்காதா என்று இருக்கிறது.

மறுவருஷம் நேர்காணலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் தாளைப் புரட்டினார். “போன வருஷமும் ஃபாரம் வாங்கியிருக்கீங்க. ஏன் குடுக்கல?”

“நேரத்துக்கு வந்து சேர முடியல சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “ஒரு ஃபாரத்தையே நேரத்துக்குக் குடுக்க முடியலை. நோயாளிக்கு மருந்தை எப்படி நேரத்துக்குக் குடுப்பீங்க?”

நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்: “அதைக் குடுக்கப் போய்த்தான் சார், இதைக் குடுக்க முடியல.”