பார்வதம் மெஸ்ஸில் அடிபட்ட குதர்க்கம்

படூரில் இறங்கி, பார்வதம் மெஸ் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். ஆட்டோக்காரர் வழி சொல்லமாட்டார், ஏற்றிக்கொண்டே வந்துவிடுவார். மூன்றாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவள் பார்வதம். ஒற்றை ஸ்டவ்வில் ஆரம்பித்து, இன்று காலேஜ் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைக்கிறாள். எவன் தயவும் கிடையாது.

இடது மணிக்கட்டு மட்டும் கோணல். திருக்கழுக்குன்றம் பக்கம் பயிர் வைத்துப் பிழைத்த காலத்தில், புருஷன் சுப்பிரமணி மண்வெட்டிக் காம்பால் உடைத்தது. "ஏன்யா அடிக்கிற?" என்று கேட்டால் இன்னும் நாலு விழும். "குதர்க்கமா பேசற?" என்பான். எதிர்த்துக் கேட்பதற்குத்தான் குதர்க்கம் என்று பேர் என்றே பார்வதம் வெகுகாலம் நம்பியிருந்தாள். அவன் செத்த பிறகும் அந்தச் சொல் காதில் விழுந்தால் மணிக்கட்டு வலிக்கும்.

போன சித்திரையில் மகள் பூங்கொடி மெஸ் வாசலில் வந்து நின்றாள். ஒரு காதில் கம்மல் இல்லை. மடல் இரண்டாகக் கிழிந்து, ரத்தம் தோள்வரை வழிந்து காய்ந்திருந்தது. மருமகன் சம்பத்தின் கைவேலை.

"இனிமே அங்க போவ மாட்டம்மா."

காதில் போட்ட தையல் பிரிப்பதற்குள் சம்பத் வந்துவிட்டான். கோபித்து வந்த பெண்ணை அழைக்கிற வழக்கப்படி தட்டில் புடவை, பூ, பழம். நியாயம் பேச அவன் பெரியப்பா அப்பாசாமி. பெற்றவள் தட்டை வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது, பெண் கிளம்ப வேண்டியதுதான்.

"அத்த, ரோட்ல எத்தினி பொம்பள போறாங்கோ, எவ மேலயாவது கை வெச்சனா? என் பொண்டாட்டின்னுதான அட்ச்சேன்? பாசம் இல்லாதவன், எவ எப்டி போனா எனக்கின்னான்னு இருப்பான். உரிமை கீது, கை நீண்டுச்சி."

"கரெக்டா சொன்ன" என்றார் அப்பாசாமி. "பாசம் கீற எடத்துலதாம்மா அடியும் கீது. தட்ட வாங்கு."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் தலையாட்டினார்கள். பார்வதத்தின் கையும் நீண்டுவிட்டது. சுப்பிரமணியும் இதையேதான் சொல்வான். கேட்கக் கேட்க நியாயமாகவே இருக்கும். கோணல் மணிக்கட்டு தட்டின் விளிம்பில் பட்டது. சுவரோரம் நின்ற பூங்கொடி கிழிந்த காதைப் பொத்திக்கொண்டாள்.

பார்வதம் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஏன் மாப்ள, எனக்கு உன் மேல பாசம் கீதா, இல்லியா?"

"இன்னாத்த இப்டி கேக்கற? பெத்த புள்ள மாதிரி பாக்கற."

"உரிமை?"

"ஏன் இல்லாம?"

அடுப்போரம் கிடந்த தோசைத் திருப்பி அவன் மூக்கில் இறங்கியது. எலும்பு நொறுங்கியது. எழுந்தவன் வாயில் இன்னொன்று; பல் தெறித்துச் சாம்பார் வாளியில் விழுந்தது. அவன் கையை ஓங்கினான். அந்தக் கையைப் பிடித்துக் காய்ந்த தோசைக்கல்லில் அழுத்தினாள். தோல் பொரிந்தது. அலறியவனின் முடியைக் கொத்தாகப் பற்றி மாவரைக்கும் கிரைண்டரில் மோதினாள். பெஞ்சோடு சரிந்தான்.

"நீயும் வா அண்ணாத்த. உன் மேலயும் கொஞ்சம் பாசம் கீது."

அப்பாசாமி சுவரோடு ஒட்டிக்கொண்டார். "இன்னாம்மா அநியாயம் இது! பாசம்னு சொல்லிகினு மண்டய ஒடைக்கற? குதர்க்கம் பேசாத!"

மணிக்கட்டு வலிக்கவில்லை.

"அதேதான்" என்றாள் பார்வதம், ரத்தம் சொட்டிய திருப்பியைத் தாழ்த்தாமல். "இவன் பேசும்போது நியாயமாட்டம் இருந்துச்சி இல்ல? உன் மூஞ்சிக்கு நேரா வந்தாதான் பேர் தெரியுது."

பூங்கொடி புடவைத் தட்டை எடுத்து அப்பாசாமி கையில் திணித்தாள்.

"எட்த்துகினு போங்க மாமா. அவரையும்."

பிறகு அம்மாவின் கையிலிருந்து திருப்பியை வாங்கிக் கழுவி, கல்லைத் தேய்க்கத் தொடங்கினாள்.