முப்பத்தொரு பெண்களுக்கு ஒரே வீட்டுக்காரர்

என் படிப்பு மூன்றாம் வகுப்பு. அதையும் முழுசாக முடிக்கவில்லை. ஆனால் ஹிந்தி பேசுவேன், பெங்காலி பேசுவேன், தெலுங்குக்காரனோடு சண்டை போடும் அளவுக்குத் தெலுங்கும் பேசுவேன். ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலேறி வந்தபோது கையில் ஒரு தகரப் பெட்டி மட்டும்தான். சாத்தம் மர மில்லில் பலகை அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். எட்டே வருஷத்தில், காட்டிலிருந்து மரம் இறக்கும் கான்ட்ராக்ட் என் கைக்கு வந்தது. படகில் அக்கரை போனால் எங்கள் குடியிருப்பு. அங்கே முதல் தகரக் கூரை வீடு என்னுடையது. முதல் ரேடியோவும் என்னுடையது. பெருமைக்குச் சொல்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

இப்படிப்பட்டவன், பஞ்சாயத்துத் தேர்தல் என்று வந்தால் சும்மா இருப்பேனா? வார்டு மெம்பருக்கு நின்றேன். அறுபதுகளில் நடந்தது இது. எதிரே நின்றவர் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு மலையாளி. நல்ல மனுஷன், ஆனால் நாலு பேர் முன்னால் பேச வராது. நான் டீக்கடையில் உட்கார்ந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "நம்மாளுக வீட்டுப் பொம்பளைங்க ஓட்டு முப்பத்தொண்ணும் என் சட்டைப் பையில இருக்கு."

புருஷன் என் பக்கம் என்றால் பெண்டாட்டியும் என் பக்கம்தான், அதில் தனியாகப் போய்க் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அந்த மலையாளியும் அப்படியேதான் நினைத்தார். அதனால்தான் பயந்தார்.

அந்தச் சமயத்தில்தான் பட்டியல் விவகாரம் வெடித்தது.

வோட்டர் லிஸ்ட் எழுத வந்தவர் ஒரு பெங்காலி கிளார்க். அவர் வந்த வாரம் எங்கள் ஆண்கள் எல்லாரும் காட்டில், மரம் வெட்டும் கேம்பில். வீட்டுக்கு வீடு பெண்கள்தான் பதில் சொன்னார்கள். தன் பெயரைக் கேட்டபோது சொல்லிவிட்டார்கள். "பதி கா நாம்?" என்று புருஷன் பெயரைக் கேட்டதும்தான் தடங்கல். எங்கள் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். என் வீட்டில் அது இன்னும் கெட்டி. எனக்குச் சாமி பெயர். அதனால் கோயிலில்கூட என் பெண்டாட்டி அந்தச் சாமியை "மயில்காரரே" என்றுதான் கும்பிடுவாள். கிளார்க் கேட்டதற்கு அவள் சொன்ன பதில், "எங்க வீட்டுக்காரர்."

அதுதான் பெயர் போலிருக்கிறது என்று அவர் ஹிந்தியில் எழுதிக்கொண்டார். அடுத்த வீட்டிலும் வீட்டுக்காரர். அதற்கடுத்த வீட்டிலும் அதே. இப்படியே முப்பத்தொரு வீடு.

போர்ட் பிளேரில் ஆபீசர் லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் தாளை விரித்தார். "யாருய்யா இந்த வீட்டுக்கார்? முப்பத்தொரு பெண்டாட்டி கட்டினவன். கூட்டிக்கிட்டு வா, எழுந்து நின்னு சலாம் வைக்கறேன்" என்றார். ஹிந்தியில்தான் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் சிவப்பு மையால் முப்பத்தொரு வரியையும் அடித்திருந்தார். கள்ளப் பெயர் என்று முடிவு.

நான் அங்கேயே எல்லாருடைய புருஷன் பெயரையும் கடகடவென்று ஒப்பித்தேன். ஒருத்தர் பெயரைக்கூட விடவில்லை. என் ஞாபகசக்தி அப்படி. ஆபீசர் பேனாவை எடுக்கவே இல்லை.

"ஓட்டு அவங்களுக்கா, உனக்கா? அவங்க வந்து சொல்லட்டும். சனிக்கிழமை உங்க பள்ளிக்கூடத்துக்கு வர்றேன். நாலு மணிக்கு எனக்குப் படகு. அதுக்கப்புறம் ஒரு பேரும் ஏறாது."

ஊருக்குள் செய்தி எனக்கு முன்னாலேயே போய்விட்டது. டீக்கடையில் ஒருத்தன், "என்ன அண்ணே, சட்டைப் பை ஓட்டையாமே?" என்றான்.

வீட்டில் என் பெண்டாட்டி அதற்குச் சிரிக்கவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"கப்பல்ல வந்தப்ப உங்க சீட்டுல என்னை எப்படி எழுதினாங்க?"

"உடன் ஒரு பெண்."

"ரேஷன் கார்டுல?"

"சம்சாரம்னு."

"இந்தத் தீவுக்கு வந்து இத்தனை வருசத்துல எம் பேரை ஒருத்தர் கேட்டு எழுதினது அந்த லிஸ்ட்டுலதாங்க. அதையுமா அடிச்சிட்டாங்க?"

எனக்கு என் ஓட்டுக் கவலை. அவள் கவலை வேறு என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை முப்பத்தொரு பேரும் வந்தார்கள். தலைக்கு எண்ணெய் வைத்து, கப்பலுக்குப் போகிற மாதிரி நல்ல புடவை கட்டி வந்தார்கள். ஆபீசர் பெஞ்சில் உட்கார, கிளார்க் தாளை வைத்துக்கொண்டு கேட்க, நான் நடுவில் நின்று தமிழில் சொன்னேன். மொழிபெயர்ப்புக்கு என்னை விட்டால் அங்கே ஆள் ஏது?

"உன் பேரு, உன் புருஷன் பேரு" என்றேன்.

முதலில் நின்றவள் தன் பெயரைச் சொன்னாள். அடுத்ததற்கு ஏழு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, ஜன்னல் வழியாக எதிர் மலையைக் காட்டினாள். எனக்குப் புரிந்தது, உங்களுக்கும் புரியும். கிளார்க் மலையைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். "நீ பேசாதே" என்றார் ஆபீசர். அடுத்தவள் வானத்தைக் காட்டினாள். அவள் புருஷனுக்குச் சந்திரன் பெயர். அதற்கடுத்தவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றவள்தான், அசையவே இல்லை.

"என் ஆத்தா, ஒரு தடவை சொல்லும்மா, அவன் செத்துப் போயிட மாட்டான்" என்று கெஞ்சினேன்.

"உங்க பொண்டாட்டியை முதல்ல சொல்லச் சொல்லுங்கண்ணே" என்றாள்.

ஒரு பெயரும் ஏறாமலே மணி மூன்று தாண்டிவிட்டது. ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கிளார்க் சலிப்போடு மறுபடி கேட்டார்: "பதி யா பிதா கா நாம்?"

"புருஷன் பேரு கேக்கறாரு" என்றேன்.

வரிசையில் நின்ற என் பெண்டாட்டி முன்னால் வந்தாள். "அவரு நீளமாச் சொல்றாரே. நீங்க ஏன் கட்டையா முடிக்கறீங்க?"

"என்ன நீளம்?"

"காலையிலேருந்து கேட்டுக்கிட்டுத்தான் நிக்கறேன். பதின்னு ஒண்ணு சொல்றாரு. பிதான்னு ஒண்ணு சொல்றாரு. பிதான்னா யாரு?"

கடற்கரையிலிருந்து வந்த வேதக்காரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி பின்னாலிருந்து சத்தம் போட்டாள்: "பிதான்னா அப்பா, அக்கா! நாங்க சிலுவை போடறப்பவே பிதாவுலதானே தொடங்கறோம்!"

புருஷன் அல்லது தகப்பன் பெயர். அதுதான் கேள்வி. தாளிலும் அப்படியேதான் அச்சடித்திருந்தது. காலையிலிருந்து முப்பது தடவை கேட்டிருப்பேன், முப்பது தடவையும் பாதியை விழுங்கியிருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை. கல்யாணமான பெண்ணுக்குத் தகப்பன் பெயர் எதற்கு என்று என் மண்டையே அதைக் கழித்துவிட்டது. நாலு பாஷை தெரியும் என்று மார்தட்டுகிற எனக்குக் கேட்காத சொல், ஒரு பாஷை மட்டும் தெரிந்தவள் காதில் விழுந்தது.

பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தில் கேட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தகப்பன் பெயரைச் சொல்ல யாருக்கு வெட்கம்? ஒவ்வொருத்தியும் முதலில் தன் பெயர், அடுத்து தகப்பன் பெயர் என்று, ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி சொன்னார்கள். சிலர் ஊர் பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள், யாரும் கேட்காமலே. வாயில் முந்தானை வைத்திருந்தவள் சொல்லிவிட்டு அழுதாள். மெயின்லேண்டில் அவள் தகப்பன் செத்த செய்தி வந்தபோது கப்பல் இல்லாமல் போக முடியாதவள் அவள்.

என் பெண்டாட்டியின் முறை வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அவள் என் பெயரைச் சொல்லிவிடுவாள் என்று எனக்குள் ஒரு ஆசை. பதினொரு வருஷம் அவள் வாயால் கேட்காத பெயர். அவள் நிமிர்ந்து நின்று அவள் அப்பா பெயரைச் சொன்னாள். கடல் தாண்டிப் போகிற கூலிக்காரனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று என் கல்யாணத்துக்கே வராத மாமனார் அவர். நான் போட்ட தகரக் கூரைக்குக் கீழே, அரசாங்க லிஸ்ட்டில், வந்து உட்கார்ந்துவிட்டார்.

கோபம் வரவில்லை. அவள் நின்ற தோரணை அப்படி. மில்லில் பெரிய பெரிய துரைமார்களைப் பார்த்திருக்கிறேன். யாரும் ஒரு மேஜைக்கு முன்னால் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது முப்பத்தொன்றாவது பெயர் ஏறியது. கிளம்புமுன் ஆபீசர் பெண்களிடம் ஒன்று சொன்னார். சீட்டில் யாருக்கு முத்திரை குத்தினீர்கள் என்று ஒருத்தரும் கேட்கக்கூடாது, ஆபீசரும் கேட்கக்கூடாது, புருஷனும் கேட்கக்கூடாது. என் பெண்டாட்டி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன்.

புது லிஸ்ட் வந்தபோது அந்த மலையாளி கடையில் வைத்து வாசித்துவிட்டுச் சிரித்தார். "உங்க வீட்டு நம்பர்ல யாரோ ஒருத்தர் மகள் குடியிருக்காங்க போலிருக்கே. வாடகை ஒழுங்காத் தர்றாங்களா?" நானும் சிரித்தேன். அந்தப் பேச்சு வராத மனுஷன் அதற்குப் பிறகு செய்ததைத்தான் நான் கவனிக்கவில்லை. லிஸ்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், ஒவ்வொரு பெண்ணையும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஓட்டுக் கேட்டிருக்கிறார். நான் அவர்களுக்காக அவ்வளவு பாடுபட்டவன். இன்னாருடைய சம்சாரம்தானே, போட்டுவிடும்மா என்று தெருவிலிருந்தே சொல்லிவிட்டு வந்தேன்.

ஒன்பது ஓட்டில் தோற்றேன். தீவுக்கு வந்து நான் தோற்றது அந்த ஒரு தடவைதான். அடுத்த முறை நின்றேன், வீடு வீடாகப் போய்ப் பெயர் சொல்லிக் கேட்டேன், ஜெயித்தேன்.

ஆனால் அந்த முதல் தோல்வியன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவளிடம்தான் கேட்டேன். "நீ யாருக்குப் போட்டே?"

சோறு போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"புருஷனும் கேக்கக்கூடாதுன்னு ஆபீசர் சொன்னதா நீங்கதானே சொன்னீங்க? அவரு சொன்னது அவ்வளவுதானா, இல்ல அதுலயும் பாதியை விட்டுட்டீங்களா?"

"அவ்வளவுதான், எதையும் விடலை" என்று ஒத்துக்கொண்டு, தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.