சுடச்சுடப் பாராட்டுகிறவர்

ஆராதனை முடிந்து சனங்கள் வெளியே வர, எட்வின் பக்கவாட்டுக் கதவருகே நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார். "மூணாவது பாட்டுல, ரெண்டாவது சரணத்துல, ஒரு எடத்துல சறுக்கிட்டேன். கவனிச்சிருப்பீங்க." யாரும் கவனித்திருக்கவில்லை. அவர் சொன்ன பிறகு எல்லாரும் கவனித்தவர்களாகிவிடுகிறார்கள். "ஆமாம்பா, எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு" என்கிறார் ஒரு பெரியவர். அவருக்குக் காது கேட்டு ஆறு வருடமாகிறது.

கள்ளக்குறிச்சியில் எங்கள் சின்னக் கோயிலில் பதினெட்டு வருடங்களாகப் பியானோ வாசிப்பவர் எட்வின். வயது நாற்பத்தெட்டு. வார நாட்களில் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் கரும்புச் சாற்றின் இனிப்பை அளக்கிறார். சங்கராபுரம் வரை நானும் அதே பேருந்தில் போகிறவன் என்பதால் அவருடைய கருத்துகள் அனைத்தும் எனக்குத் தெரியும். யாராவது பியானிஸ்ட் என்று சொல்லிவிட்டால் உடனே திருத்துவார். "அதெல்லாம் இல்லீங்க. பியானோ முன்னாடி குந்திக்கினு இருக்கறவன். எழுந்து போடான்னு யாரும் சொல்லாததால குந்திக்கினே இருக்கேன்."

பியானோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எந்தக் காலத்திலோ கப்பலில் வந்த வெள்ளைக்கார மிஷனரிகள் விட்டுப்போன சுவரோரப் பியானோ அது. நடுவில் ஒரு கட்டை அமுங்கினால் எழாது, மழைக்காலத்தில் மூன்று. அதற்கு வைத்தியம் பார்ப்பவர் கடைத்தெருவில் தையல் இயந்திரம் பழுது பார்க்கும் சுபைர் பாய். உள்ளே இரண்டு இடங்களில் தையல் இயந்திரத்தின் சுருள்கம்பி இருப்பதாகக் கேள்வி. சறுக்கிய இடத்துக்கெல்லாம் எட்வின் சொல்லும் காரணமும் அந்த எழாத கட்டைதான். "நான் நல்லாத்தான் அமுக்கறேன். அதுதான் தூங்கிடுது."

டீயில் சர்க்கரை போட்டுக்கொள்ள மாட்டார். "ஆபீஸ் வேலைய வூட்டுக்கு எடுத்தாரக் கூடாது." நெத்திலிக் கருவாடு என்றால் உயிர். தொலைக்காட்சியில் மல்யுத்தம் பார்ப்பார், சத்தத்தை நிறுத்திவிட்டு. தேர்தல் சமயத்தில் ஜீப்பில் அறிவிப்புச் செய்துகொண்டு போகிறவர்களில் யாருக்குத் தாளம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று தரம் பிரிப்பார். கட்சி அவருக்குப் பொருட்டில்லை. சுவர்களில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளை ஒன்றுவிடாமல் நின்று படிப்பார். "இத்தினி நல்ல வார்த்த உயிரோட இருக்கசொல்ல சொல்லியிருந்தா மனுசன் இன்னும் ரெண்டு வருசம் இருந்திருப்பாரு."

அங்கேதான் அவருடைய கொள்கை தொடங்குகிறது. பிறரைப் பாராட்டுவதைச் சுடச்சுடச் செய்துவிட வேண்டும். பரோட்டா மாஸ்டரை அடுப்படிக்கே போய்ப் பாராட்டுவார். ஒருமுறை கச்சிராயபாளையம் வளைவில் டவுன் பஸ்ஸை அழகாகத் திருப்பிய ஓட்டுநரிடம் சன்னல் வழியாக எக்கி, "இன்னா அழகா ஒடிச்சீங்க!" என்றார். ஓட்டுநர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இங்கல்லாம் நிக்காதுங்க" என்றார்.

பெரிய பியானோக்காரர்களின் காணொளிகளை அவர் கைப்பேசியில் ஒரு ஃபோல்டரில் சேர்த்துவைத்திருக்கிறார். அதன் பெயர் 'வயித்தெரிச்சல்'. இருநூற்றுக்கும் மேல் இருக்கும். பேருந்தில் இயர்போனை எனக்கு ஒரு காதும் தனக்கு ஒரு காதுமாக மாட்டிக்கொண்டு, "கேளுங்க, கேளுங்க, இந்த எடத்துல பாருங்க" என்று தொடையில் அடிப்பார். எனக்கு ஒன்றும் புரியாது. நானும் தொடையில் அடிப்பேன். எட்வினுக்கு அது தெரியும். "அவங்கள்லாம் தூர தேசம். புகழ்றதுல நமக்கு ஒண்ணும் கொறஞ்சிடாது. அவங்க நம்ம கோயிலுக்கா வரப்போறாங்க?" என்பார்.

போன ஆகஸ்டில் ஒருவர் வந்துவிட்டார்.

பெயர் தெரசா. வயது அறுபத்திரண்டு. திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கணவர் போன பிறகு இங்கே மகள் வீட்டுக்கு வந்திருந்தார். அந்த ஞாயிறு, எட்வின் வழக்கம்போலக் கதவருகே நின்று மூன்றாவது பாட்டுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தபோது, உள்ளே அதே மூன்றாவது பாட்டு கேட்டது. அதே பியானோ. அதே தூங்குமூஞ்சிக் கட்டை. ஆனால் அந்த அம்மாள் அதை மூன்று முறை தொட்டுப் பார்த்துவிட்டு, நான்காம் முறை அந்தப் பக்கமே போகாமல் சுரங்களில் மேலேறிக் கீழிறங்கினார். குறையே அலங்காரம்போல ஒலித்தது. வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒரு செருப்போடு நின்றார்கள். எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் எட்வினைப் பார்த்தார்கள். பாராட்டு என்றால் முதலில் ஓடுகிறவர் அவர்தானே. அவர் வராத தொலைபேசி அழைப்பை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து நடந்தார்.

"பதினெட்டு வருசமா அந்தக் கட்ட மேல போட்ட பழியெல்லாம் ஒரே நாள்ல எம்மேல திரும்பிடுச்சு" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். அப்போது சொல்லவில்லை. அப்போது அவர் செய்தது வேறு. மறுநாள் சுபைர் பாயை அழைத்துப்போய்ப் பியானோவின் துருப்பிடித்த பூட்டுக்கு எண்ணெய் விடச் சொன்னார். மூடியைப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆராதனை நேரத்துக்குத் திறப்பார். கடைசி ஆமென் அடங்குவதற்குள் பூட்டிவிடுவார். கேட்டால் உள்ளே கரப்பான் பூச்சி போகிறதாம்.

அவர் மனைவி ஜூலியா பள்ளி ஆசிரியை. பொய்யை முகத்திலேயே திருத்தி மதிப்பெண் போடக்கூடியவர். "கரப்பான் பூச்சி வாசிக்குதாங்க? வாசிச்சா சொல்லுங்க, நானும் வந்து கேக்கறேன்" என்றாராம். எட்வின் அன்று கருவாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

மூன்று ஞாயிறுகள் இப்படிப் போயின. நான்காம் வாரம் சனிக்கிழமை, என் மனைவியின் தையல் இயந்திரத்துக்கு பெல்ட் மாற்ற சுபைர் பாய் கடைக்குப் போனேன். எட்வின் அங்கே முக்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அப்போது தெரசா அம்மாள் படியேறி வந்தார். அவருக்கும் பெல்ட்தான் வேண்டும். எட்வினைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"தம்பி, உங்களப் பாக்கணும்னே இருந்தேன். நீங்க பாடுறவங்களுக்காக நின்னு நின்னு வாசிக்கிறீங்க பாருங்க, வயசானவங்க மூச்சு வாங்குனா ஒரு நொடி காத்திருக்கீங்க பாருங்க, எனக்கு அது வரவே வராது. நான் பாட்டுக்கு ஓடிருவேன். திருச்சி கோயில்ல எனக்கு எக்ஸ்பிரஸ்னுதான் பேரு."

எட்வின் டீயை விழுங்க மறந்து வாயில் வைத்திருந்தார்.

அந்த அம்மாளே தொடர்ந்தார். "பொண்ணு வீட்டுல எடம் இல்லன்னு என் பியானோவ வித்துட்டுத்தான் வந்தேன். கோயில்ல ஒண்ணு இருக்கேன்னு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? அதுக்குள்ள கரப்பான் பூச்சின்னு பூட்டிட்டாங்கன்னு போதகரய்யா சொன்னாரு. இப்ப சாப்பாட்டு மேசையிலதான் விரலை ஓட்டிக்கிட்டிருக்கேன். ஏன் பாய், அந்தப் பூச்சிக்கு ஏதாவது மருந்து வச்சிருக்கீங்களா?"

சுபைர் பாய் ஊசிகளை வரிசையாக அடுக்க ஆரம்பித்தார். "நமக்கு அந்த மருந்து தெரியாதுங்கம்மா. சாருக்குத்தான் தெரியும்."

எட்வின் எழுந்தார். முக்காலி சாய்ந்தது. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, தையல் இயந்திரத்தின் மேல் வைத்தார்.

"கரப்பான் பூச்சியும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. நாந்தான் பூட்டினேன். அன்னிக்கு நீங்க வாசிச்சத கேட்டு வயிறு எரிஞ்சி பூட்டினேன். அந்தப் பியானோ அப்பிடிப் பேசி நான் கேட்டதே இல்ல. அன்னிக்கே ஓடியாந்து சொல்லியிருக்கணும். சொல்ல முடியல."

தெரசா அம்மாள் சிரித்துவிடுவார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"மூணு வாரம், தம்பி" என்றார். அவ்வளவுதான். பெல்ட்டை வாங்காமலே இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை பேருந்தில் எட்வின் காதில் எதையும் மாட்டிக்கொள்ளவில்லை. சங்கராபுரம் நெருங்கும்போது சொன்னார்: "பாராட்டு ஆறிப்போனா இன்னா ஆவும்னு இத்தினி நாள் தெரியாது. அது மன்னிப்பாயிடுது. அதையும் பாருங்க, பாராட்டறதுலயும் அவங்கதான் முந்திக்கினாங்க. எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்."

அடுத்த ஞாயிறு போனபோது பியானோ திறந்திருந்தது. சாவி பூட்டிலேயே தொங்கியது. தெரசா அம்மாள் அதைத் திருப்பித் தரவுமில்லை, தன்னோடு வைத்துக்கொள்ளவுமில்லை. கடைசி வரிசையில் போய் உட்கார்ந்திருந்தார். ஆராதனை முடிந்ததும் எட்வின் கதவருகே போகவில்லை. நேரே கடைசி வரிசைக்குப் போய், இரண்டு பெஞ்சு தள்ளி நின்றபடி கேட்டார்: "அறுப்பின் பண்டிகைக்கு ஆரம்பத்துலயும் முடிவுலயும் நீங்க வாசிக்கணும். பாட்டுங்களுக்கு நான் குந்திக்கறேன். கோயில் கமிட்டிகிட்ட கேட்டுட்டேன். ஏன்னு கேட்டாங்க, காரணத்தையும் சொல்லிட்டேன்." தெரசா அம்மாள் பாட்டுப் புத்தகத்தை மூடினார். "எல்லாத்தையுமா?" என்றார். "கரப்பான் பூச்சி வரைக்கும்" என்றார் எட்வின். அந்த அம்மாளின் வாயோரம் லேசாக அசைந்தது.

பண்டிகையன்று கோயில் நிறைந்து வழிந்தது. மலைமேலிருக்கும் கரியாலூர்க்காரர்கள் காணிக்கையாகச் சாமை மூட்டையும் மரவள்ளிக் கிழங்கும் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். பீடத்தின் இருபுறமும் கரும்புக் கட்டுகள். தெரசா அம்மாள் வாசிக்க ஆரம்பித்த இரண்டாவது நிமிடம், தலைக்கு மேலிருந்த மின்விசிறிக் காற்றில் இசைப் புத்தகத்தின் ஏடு புரண்டது. ஒரு கையால் அதைத் தள்ளிவிட்டு மறு கையால் வாசித்தார். மறுபடி புரண்டது. முதல் பெஞ்சிலிருந்து எட்வின் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தவர், அந்த அம்மாளின் பின்கழுத்தில் வியர்வை இறங்குவதைப் பார்த்தார். மீண்டும் எழுந்தார். பியானோவுக்குப் பக்கத்தில் போய் நின்று, இடது கட்டைவிரலால் ஏட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையிலிருந்த நிகழ்ச்சி நிரல் தாளை மடித்து, பாட்டு முடியும்வரை அவருக்கு விசிறிக்கொண்டே நின்றார்.