ஏழரைக்கு மாறிய பஸ்

என் அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனபோது, வாரம் இரண்டு நாள் சேலத்துக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். நாங்கள் இருந்தது நாகலூருக்குப் பக்கத்தில், காப்பி எஸ்டேட் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில். காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறினால், ஏற்காட்டில் சேலம் பஸ்ஸைப் பிடித்து எட்டரைக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டரிடம் லீவு சொல்லிவிட்டு நானும் கூடப் போவேன். கொண்டை ஊசி வளைவுகளில் அக்காவுக்குக் குமட்டும். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கண்களை மூடியிருப்பாள். ஆனாலும் ஒன்றரை வருடம் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

பிறகு அந்த பஸ்ஸை ஏழரைக்கு மாற்றினார்கள். ஆஸ்பத்திரியில் எங்களுக்குப் பின்னால் இன்னொருவர் மெஷினுக்குக் காத்திருப்பார். தாமதமாகப் போனால் நான்கு மணி நேர டயாலிசிஸ் இரண்டரை மணி நேரமாகிவிடும். அக்காவின் கால்கள் வீங்கின. செருப்பு நுழையவில்லை.

டிப்போவுக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்த அதிகாரி உட்காரச் சொல்லித்தான் பேசினார்.

"அந்த நேரத்துக்கு ஏழு பேருதானுங்க ஏறுறாங்க. காலி வண்டிய எப்படிங்க ஓட்டறது? சுத்திப் பாக்க வர்றவங்களுக்கே வண்டி பத்தலீங்க."

"அந்த ஏழு பேர்ல அஞ்சு பேரு ஆஸ்பத்திரிக்குப் போறவங்கங்க" என்றேன்.

"எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

எழுதிக் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அக்கா எழுந்திருக்கவில்லை. "இன்னிக்கு வேண்டாம் கண்ணு. நொம்ப அசதியா இருக்குது. அடுத்த தடவ போலாம்" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. எனக்கும் அன்று அப்பாடா என்றுதான் இருந்தது. அதன் பிறகு இரண்டு முறை போனால் ஒரு முறை நின்றுபோனது.

கோடை சீசனில் ஒரு காலை அவளுக்கு மூச்சு முட்டியது. எஸ்டேட் ஜீப்பில் கிளம்பினோம். மலைப்பாதை முழுக்க மேலே ஏறி வரும் கார்கள். ஒரு வளைவில் வண்டி நின்றது நின்றதுதான். "படுதாவத் தூக்கி உடு, காத்து வரட்டும்" என்றாள். தூக்கினேன். உள்ளே வந்தது புகைதான். அவளே கையை அசைத்து இறக்கச் சொன்னாள்.

ஆஸ்பத்திரிக்கு உயிரோடுதான் போய்ச் சேர்ந்தாள். மூன்றாம் நாள் இறந்தாள். சீக்கிரம் கொண்டு வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். தவறாமல் வந்திருந்தால் என்பதைச் சொல்லாமல் விட்டார்.

இப்போது எனக்கும் ரத்தக் கொதிப்பு. மாதம் ஒருமுறை சேலத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு மாதம் போனேன். இந்த மாதம் போகவில்லை.