பட்டியலில் ஒரு மேரி

வில்லியனூரைச் சுற்றியுள்ள மாதா கோயில் பங்குக் கிராமங்களில் தெருவில் நின்று "மேரி" என்று ஒரு குரல் கொடுத்தால் பத்துப் பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அன்னாமேரி, ரோஸ்மேரி, ஞானமேரி என்று வீட்டுக்கு ஒருத்தி உண்டு. அமிர்தசாமியின் மகள் கிரேஸ் மேரியும் அப்படி ஒருத்தி. ஆனால் 1987 ஜூன் மாதம் அந்தப் பேருக்காக அவள் பட்ட பாடு வேறு யாருக்கும் வந்ததில்லை.

அப்போது அவளுக்கு முப்பது வயது. பாகூர்ப் பக்கம் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். காலையில் சைக்கிளை எடுத்தால் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே மணியடித்துக்கொண்டே பறப்பாள். மெதுவாகப் பேசவோ மெதுவாக நடக்கவோ அவளுக்குத் தெரியாது. குறை மாதத்தில் பிறந்து ஒன்றரைக் கிலோகூட இல்லாத குழந்தைகளைப் பஞ்சில் சுற்றி, இருபுறமும் வெந்நீர்ப் பாட்டில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறாள். காப்பாற்ற முடியாமல் போனதும் உண்டு. அந்த நாட்களில் வீட்டுக்கு வந்து யாரோடும் பேச மாட்டாள். அதனால்தான் மஸ்கட்டில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் குறை மாதக் குழந்தைகளுக்கென்றே தனி வார்டு இருக்கிறது, கண்ணாடிப் பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன, நர்ஸ்கள் தேவை என்று விளம்பரம் பார்த்தபோது கைகால் பரபரத்துவிட்டது. இன்டர்வியூவுக்குப் போனாள். வேலை கிடைத்தது. ஜூன் முப்பதுக்குள் அங்கே போய் இறங்க வேண்டும். பிந்தினால் விசா செல்லாது.

பதினோராம் தேதி மெட்ராஸ் விமான நிலையத்தில் வழியனுப்பப் புருஷன் மரியசுந்தரம், அப்பா, வாடகை வேன் நிறைய ஜனம். மரியசுந்தரம் பஞ்சாலைத் தொழிலாளி. அன்று காலையிலிருந்து அவன் கேட்டது ஒரே கேள்விதான்.

"கிரேஸ், பாஸ்போர்ட் பையிலதான இருக்குது?"

"இருக்குதுங்க. இன்னும் ஒரு வாட்டி கேட்டீங்கன்னா உங்ககிட்டயே குடுத்துட்டுப் போயிடுவேன்."

சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும் விமானத்தின் வாலைப் பார்த்ததும் நடையை எட்டிப் போட்டாள். குடியேற்ற கவுண்டரில் இருந்தவர் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். பிறகு மேஜைக்குக் கீழிருந்து தடிமனான ஒரு புத்தகத்தை எடுத்தார். விரல் ஓர் இடத்தில் நின்றது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் அந்த ரூமுக்கு வாங்க."

அந்த அறையில் இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். யாரோடு பழக்கம், எந்தக் கட்சி, கடலோரத்தில் யாரைத் தெரியும். மணப்பட்டில் மீனவர் வீடுகளில் பாதிப் பிள்ளைகளை நான்தான் எடுத்தேன் என்று அவள் வாய் தவறிச் சொன்னதும் எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா வேகம் பிடித்தது. அவள் அந்த அறையில் இருக்கும்போதே விமானம் கிளம்பிப் போய்விட்டது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். "தேடப்படுறவங்க லிஸ்ட்ல உங்க பேர் இருக்கு. ஊருக்குப் போய் அங்க உள்ள போலீஸ்ல விளக்கம் குடுங்க" என்று வெளியே அனுப்பினார்கள்.

வேன் நிறைய வந்த ஜனம் திரும்பும் வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. ஊருக்குள் நுழைந்ததும் எல்லோருக்கும் வாய் திறந்துகொண்டது. மறுநாளே மஃப்டியில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து பக்கத்து வீடுகளில் விசாரித்துப் போனார்கள். அதற்குப் பிறகு, நேற்றுவரை ஊசி போட்டுக்கொள்ள அவளைத் தேடி வந்தவர்கள்கூட எதிரே வந்தால் அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்கள். அமிர்தசாமி கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போவதையே நிறுத்திவிட்டார்.

கிரேஸ் ஒரு நாள் அழுதாள். இரண்டாம் நாள் புடவையை மாற்றிக்கொண்டு பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினாள்.

தேடப்படுபவர்களின் பட்டியலைக் கவனித்த போலீஸ் பிரிவில் இன்ஸ்பெக்டர் ஆதிமூலத்தைப் பார்க்க வேண்டும், அவர் பதினெட்டாம் தேதிதான் வருவார் என்றார்கள். அன்று மறுபடி போனாள். பெஞ்சில் ஏற்கெனவே ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அறுபத்து நாலு வயது, ஒரு கண்ணில் புரை, மடியில் வெற்றிலைப் பொட்டலம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து செத்துப்போன ஒரு சொல்தாவின், அதாவது சிப்பாயின், விதவை. மார்செய் நகரத்தில் இருக்கும் மகனிடம் போகக் கிளம்பியவள்.

"நீ இன்னாத்துக்கு வந்த பொண்ணே?"

"ஏர்போர்ட்ல தடுத்துட்டாங்க பெரிம்மா. லிஸ்ட்ல பேர் இருக்குதாம்."

"உன் பேரு இன்னா?"

"கிரேஸ் மேரி."

அந்த அம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டாள். "அடி என் ராசாத்தி! என் பேரு மரி கிராஸ். மேரி கிரேஸைத்தான் பிரெஞ்சுல அப்படி எழுதி வச்சிருக்குது, உன்னுதத் திருப்பிப் போட்டாப்பல! ஒரு மாசமா இந்த பெஞ்சத் தேய்ச்சிகினு இருக்கேன். குண்டு வச்சவளாம் நானு. அரிவாமணையில வெங்காயம் அரிஞ்சாலே கையை வெட்டிக்கிறேன், எனக்கு எங்க குண்டு?"

கிரேஸுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. முப்பது வயதுக்காரியும் அறுபத்து நாலு வயதுக்காரியும் ஒரே ஆளாக எப்படி இருக்க முடியும்? அந்தப் பட்டியலில் என்னதான் எழுதியிருக்கிறது?

ஆதிமூலம் கடுமையானவர் இல்லை. களைத்துப்போன மனிதர். கிரேஸ் விடாமல் கேட்டதும் சொன்னார்: "கிரேஸ் என்கிற மேரி. பெண். பாண்டிச்சேரி கடலோரம். அவ்ளோதான் இருக்கும்மா. வயசு, அப்பா பேரு, அங்க அடையாளம் எல்லாம் காலி." பிறகு ஃபைலைப் பார்த்தபடி, "எண்பத்தஞ்சு நவம்பர் பதினாலாம் தேதி நீங்க எங்க இருந்தீங்க? அன்னிக்குத்தான் ஒரு ரயில் பாலத்துல வெடிமருந்து வச்சாங்க" என்றார்.

கிரேஸ் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். அந்த நாளை அவள் எப்படி மறப்பாள்? ஊரெல்லாம் வெள்ளம், டாக்டரால் வர முடியவில்லை. மணப்பட்டிலிருந்து வள்ளியம்மாளைக் கட்டுமரத்தில் படுக்க வைத்து வெள்ளத்திலேயே தள்ளிக்கொண்டு வந்தார்கள். காலை பத்து மணிக்கு ஒன்று, பதினொன்றேகாலுக்கு இன்னொன்று. இரட்டைப் பிள்ளைகள்.

"சார், நாளைக்கு இதே நேரத்துக்கு வரேன். எங்கயும் போயிடாதீங்க!"

மறுநாள் அவள் தனியாக வரவில்லை. சுகாதார நிலையத்தின் பிரசவப் பதிவேட்டு நகல், டாக்டரின் கையெழுத்து, அவற்றோடு வள்ளியம்மாள், அவள் இரண்டு இடுப்பிலும் ஒன்றரை வயதுப் பிள்ளைகள். ஆதிமூலம் நகலைப் படிப்பதற்குள் ஒரு பிள்ளை அவருடைய தொப்பியை இழுத்துக் கீழே தள்ளிவிட்டது.

"எங்க சிஸ்டரா குண்டு வச்சாங்க?" என்று வள்ளியம்மாள் சத்தம் போட்டாள். "அன்னிக்கு அவங்க ரெண்டு கையும் எங்க இருந்துச்சுன்னு எனக்கில்ல தெரியும்!"

வெளியே பெஞ்சிலிருந்து மரி கிராஸ் அம்மாள் கைதட்டியது உள்ளே கேட்டது. ஆதிமூலமே சிரித்துவிட்டார். ஆனால் உடனே முகம் மாறியது.

"நீங்க அவ இல்லன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சும்மா. ஆனா பேரை எடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. டெல்லியில இருந்து வர்ற லிஸ்ட்."

"சேர்க்கறதுக்கு யாரு சார் கையெழுத்துப் போட்டது?"

"யாரோ ஒரு ஆபீசர்."

"எடுக்கறதுக்கு யாரு போடணும்?"

"அது எதுலயும் எழுதலம்மா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "லிஸ்டே வேணாம்னு நெனைச்சிடாதீங்க. போன வருஷம் இந்த லிஸ்டை வச்சு ஒருத்தனைப் புடிச்சோம். பெட்டிக்குள்ள ரெண்டு டெட்டனேட்டர். அவன் ஏறியிருந்தா விமானத்துல இருந்தவங்க கதி இன்னா?"

"அவனைப் புடிச்சது நல்லது சார். அவன் பேரோட வயசு, ஃபோட்டோ எல்லாம் வச்சிருந்தீங்களா?"

"வச்சிருந்தோம்."

"அதான் புடிச்சீங்க. வெறும் மேரின்னு எழுதி வச்சா எங்க ஊர்ல பாதிப் பேரைத்தான் புடிப்பீங்க. நெசமான மேரி எதிரே வந்தாலும் உங்களுக்குத் தெரியாது."

அவள் கிளம்பும்போது ஆதிமூலம் ஒரு சீட்டில் ஏதோ எழுதி மேஜையின் ஓரமாகத் தள்ளினார். அந்த ரயில் பாலத்து வழக்கின் எண்.

அந்தச் சீட்டோடு அவள் வக்கீல் சிவப்பிரகாசத்தின் அறைக்குள் ஓடி நுழைந்தபோது தேதி பத்தொன்பது. வக்கீல் இளைஞர், அதிகம் கட்சிக்காரர்கள் இல்லாததால் நிறைய நேரம் இருந்தது. "இந்த வழக்கு எந்தக் கோர்ட்ல நடக்குதுன்னு கண்டுபிடிச்சு, குற்றப்பத்திரிகையைப் பார்த்துடலாம். அந்த மேரி யாருன்னு அதுல இருக்கும்ல?" என்றார். நடுவில் சனி, ஞாயிறு. திங்கள்கிழமை கோர்ட் கோர்ட்டாக விசாரித்தார். தமிழ்நாட்டில் ஒரு ஜில்லா கோர்ட்டில் வழக்கு இருப்பது புதன்கிழமை தெரிந்தது. வியாழக்கிழமை விடிந்ததும் அவரும் மரியசுந்தரமும் பஸ் ஏறினார்கள்.

கிரேஸ் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் தவித்தாள். டிக்கெட்டை முப்பதாம் தேதிக்கு மாற்றியாகிவிட்டது. பெட்டியைப் பிரித்து மறுபடி அடுக்கினாள். மரி கிராஸ் அம்மாள் வில்லியனூர் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நேரே அங்கே வந்து உட்கார்ந்துகொண்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குத் தெருமுனையிலேயே மரியசுந்தரத்தின் சத்தம் கேட்டது. அவன் ஓடி வந்துகொண்டிருந்தான். ஒரு கால் செருப்பு எங்கேயோ போய்விட்டிருந்தது.

"கிரேஸ்! அவ ஜெயில்ல இருக்கிறா!"

"யாரு?"

"அந்த மேரிதான்! அந்த கேஸுல மூணாவது எதிரி. எட்டு மாசமா உள்ள இருக்கிறா! வாய்தாவுக்கு வாய்தா போலீசே கூட்டியாந்து கூட்டிகினு போவுதாம். கிளார்க்கு சொல்றாரு, நேத்துகூட வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போனாளாம்!"

மரி கிராஸ் அம்மாள் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். "அடப் பாவிங்களா! கையில புடிச்சி வச்சிகினே தேடினானுங்களா?"

பின்னாலேயே வந்த சிவப்பிரகாசம் மூச்சு வாங்கியபடி முத்திரை போட்ட நகலை நீட்டினார். கைதானவளுக்கு வயது இருபத்து மூன்று, இடது காதுக்குக் கீழே தீக்காயம், அப்பா பெயர், ஊர் எல்லாம் அதில் இருந்தன. பிடித்தவர்கள், பிடித்துவிட்டோம் என்று பட்டியல்காரர்களுக்குச் சொல்லவில்லை. பட்டியல்காரர்களும் கேட்கவில்லை.

அன்று ஐந்து மணிக்குள் எல்லோரும் ஆதிமூலத்தின் அறையில் இருந்தார்கள். அவர் நகலை இரண்டு முறை படித்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, தானே ஒயர்லெஸ் அறைக்கு நடந்தார். "இப்ப டெல்லிக்கு எழுத எனக்கு விஷயம் இருக்கும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனாள். பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. திங்கட்கிழமை, ஜூன் இருபத்தொன்பது, மணி பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. இரண்டரைக்கு ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளில் வந்து இறங்கினார். பெயர் நீக்கப்பட்டது, பாஸ்போர்ட்டை விமான நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம், மரி கிராஸ் அம்மாளுக்கும் அதே உத்தரவு. கிரேஸ் அந்தக் கான்ஸ்டபிளின் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் சைக்கிள் சாய்ந்து விழுந்தது. இந்த முறை வேனுக்கு நேரமில்லை. மரியசுந்தரமும் அவளும் பெட்டியோடு கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டார்கள்.

முப்பதாம் தேதி காலை அதே கவுண்டர், அதே தடிப் புத்தகம். விரல் அதே பக்கத்தில் நின்றது. அந்த வரியின்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. முத்திரை விழுந்தது.

அவள் நகர்ந்ததும், பின்னால் நின்ற ஒருவரை அந்த அதிகாரி கையசைத்து ஓரமாக நிற்கச் சொன்னார். ஐம்பது வயதிருக்கும், தையல்காரர் போலிருந்தார். சட்டைக் காலரில் நூல் கோத்த ஊசிகூடக் குத்தியிருந்தது. "என் பேரா? என் பேரு எப்படிங்க அதுல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். விமானத்துக்குப் போகும் பஸ் வெளியே ஹாரன் அடித்தது. கிரேஸ் இரண்டடி போனாள். திரும்பி ஓடி வந்தாள்.

"அண்ணே, பயப்படாதீங்க. பேரை மட்டும் கேட்டுட்டு வூட்டுக்குப் போயிடாதீங்க. எந்த கேஸு, எந்த தேதின்னு கேளுங்க. அன்னிக்கு எங்க இருந்தீங்கன்னு யோசிங்க. இந்தாங்க, பாண்டிச்சேரியில ஒரு வக்கீல்."

சிவப்பிரகாசத்தின் பெயரையும் தெருவையும் டிக்கெட் உறையைக் கிழித்து எழுதி அவர் கையில் திணித்தாள். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் ஹாரன் மறுபடி அடித்தது. புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்புச் சத்தம் கூடமெங்கும் எதிரொலிக்க, கிரேஸ் மேரி ஓடினாள்.